திறக்காத பெட்டிக்குள் விண்கலம் எதற்கு?

நவராத்திரி வந்துவிட்டால் நம் சங்கத்து வீடுகளில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய பெண்மணிகள் பரண் மேலிருந்து டிரங்குப் பெட்டிகளை இறக்குகிறார்கள். பழைய புடவைத் துணியில் சுற்றி வைத்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, படி கட்டி அடுக்குகிறார்கள். தரையில் பார்க் போடுகிறார்கள். கேழ்வரகை முளைக்க வைத்துப் புல்வெளி செய்கிறார்கள். நடுவே ஒரு பொம்மை ரயிலும் ஓடும். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அந்த வருடக் கொலுவில் பல வீடுகளில் நிலவும் ராக்கெட்டும் இடம் பிடித்தன. இத்தனையும் செய்கிற மாமியைப் பார்த்து, "இந்த வயசில் பொம்மை விளையாட்டா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சுண்டல் கிடைக்காது.

அதே வயதுள்ள ஒரு ஆண்பிள்ளை லெகோ கட்டைகளால் ஒரு விண்கலம் செய்து மேஜை மேல் வைத்தால் நிலைமை வேறு. "பேரனுக்கா சார்?" என்பது முதல் கேள்வி. "இல்லை, எனக்குத்தான்" என்று பதில் சொன்னால் இரண்டாவது கேள்வி வராது. காப்பியை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இந்தப் பழக்கம் உள்ளவன் நான். ரயில்வேயில் இஞ்சினீயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானக் கதைகளில் வரும் விண்கலங்கள், ரோபோக்கள், வேற்றுக்கிரக வண்டிகள் ஆகியவற்றை லெகோவில் வாங்கிச் சேர்ப்பவன். இது சிறுபிள்ளைத்தனம் அல்ல என்று வாதாடுவது மட்டும் இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. என்னைப் போலச் சேர்ப்பவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அதையும் சொல்லப் போகிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயர் வைத்தார். மேலே குமிழ்களும் உள்ளே குழாய்களும் கொண்ட இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு 1958 ஜனவரியில் பேடண்ட் கேட்டு மனுச் செய்யப்பட்டது. 1978-ல் விண்வெளி வரிசை தொடங்கியது. 1979-ல் வந்த 'காலக்ஸி எக்ஸ்ப்ளோரர்' என்ற நீலமும் சாம்பல் நிறமும் கலந்த விண்கலத்தில் 338 துண்டுகள். 1999-ல் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்பட உரிமை பெற்று அந்த வரிசை வந்தது. அதன் 'மில்லேனியம் ஃபால்கன்' கலத்தின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் 7,541 துண்டுகள். வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 800 டாலர். 2020-லிருந்து '18 வயதுக்கு மேல்' என்று அச்சிட்ட கறுப்புப் பெட்டிகளே தனியாக வருகின்றன. ஆக, பெரியவர்கள் வாங்குகிறார்கள் என்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டுவிட்டது. நம் அக்கம்பக்கம்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் ஒரு இஞ்சினீயருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அளவு இருக்கிறது. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவரை 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். தட்டைத் துண்டின் உயரம் 3.2. எனவே மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு கட்டை. அச்சில் வார்க்கும்போது அனுமதிக்கும் பிசகு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சிறியது. அதனால்தான் கையால் அழுத்தினால் பிடிக்கிறது. குழந்தை இழுத்தாலும் கழல்கிறது. இந்த அளவுகள் 1958 முதல் மாறவில்லை. அந்த வருடத்துக் கட்டை இந்த வருடத்துக் கட்டையோடு இன்றும் பொருந்தும்.

இதன் அருமை நாக்பூர்வாசிகளான நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் 1,676 மில்லிமீட்டர் பிராட்கேஜும் 762 மில்லிமீட்டர் நாரோகேஜும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒன்றின் வண்டி மற்றொன்றில் போகாது. அளவு மாறும் இடத்திலெல்லாம் மூட்டையை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். தெற்கே எழும்பூரிலிருந்து மீட்டர்கேஜில் ஊருக்குப் போன தலைமுறைக்கும் இந்த வேதனை தெரியும். நாடு முழுவதும் ஒரே அளவுக்கு மாற்றும் திட்டம் 1992-ல் தொடங்கியது. சிந்த்வாடா நாரோகேஜ் வண்டி 2015-ல்தான் நின்றது. அந்தப் பழைய இஞ்சின்களை இன்று மோதிபாக் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அளவு பொருந்தாததால் வேலை இழந்த நல்ல இஞ்சின்கள் அவை. ஒரே அளவை மாற்றாமல் காத்து வந்தால் பழையது எதுவும் வீணாகாது என்ற பாடத்தை நாம் கோடிக்கணக்கில் செலவழித்துக் கற்றோம். அந்தப் பாடம் ஒரு பொம்மைக் கட்டைக்குள் அடங்கியிருக்கிறது.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கம்ப்யூட்டரில் கணக்கிட்டார். விடை 91,51,03,765. வெறும் ஆறு கட்டைகளுக்குத் தொண்ணூறு கோடிக்கு மேல் வடிவங்கள்! ஃபால்கன் பெட்டியில் இருப்பதோ ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். விளக்கப் புத்தகத்தில் உள்ள வடிவம் அத்தனை கோடிகளில் ஒன்றே ஒன்றுதான்.

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

சேர்ப்பவர்களில் ஒரு பெரிய கூட்டம் பெட்டியைத் திறப்பதே இல்லை. முத்திரை உடையாமல் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கம்பெனி அந்தச் செட்டைத் தயாரிப்பதை நிறுத்திய பிறகு விலை ஏறும் என்ற கணக்கு. கணக்கு பொய் அல்ல. மாஸ்கோவில் உள்ள பொருளாதாரப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான லெகோ விலைகளை ஆராய்ந்து, சராசரியாக வருடத்துக்குக் குறைந்தது 11 சதவீதம் லாபம் கிடைத்திருக்கிறது என்று எழுதினார்கள். பிக்சட் டெபாசிட் வட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நமக்கு இது நாவூறும் செய்திதான்.

ஆனால் சராசரி என்பது ஆற்றின் ஆழம் போன்றது. சராசரி மூன்றடி என்று நம்பி இறங்கியவன் மூழ்கியும் போவான். 2007-ல் வந்த பழைய ஃபால்கனை முத்திரையோடு வைத்திருந்தவர்கள், 2017-ல் அதைவிடப் பெரிய புதிய ஃபால்கன் கடைக்கு வந்ததும் என்ன ஆனார்கள்? பழையதற்கு இருந்த கிராக்கி தளர்ந்தது. எந்தப் பொருளை எப்போது மறுபடி வார்ப்பது என்பது கம்பெனியின் கையில் இருக்கிறது. மேலும் இது நாக்பூர். மே மாதம் 45 டிகிரியில் மொட்டை மாடிக்குக் கீழே பரணில் வைத்த அட்டைப்பெட்டி என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கட்டை பிழைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஸ்டிக்கர் தாளின் பசை காய்ந்துவிடும். முத்திரை மட்டும் பத்திரமாக இருக்கும்.

பணக் கணக்கை விட்டுவிடுவோம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், வேறு ஊர்க்காரர், இப்படி நாற்பது பெட்டிகள் வரை வைத்திருக்கிறார். அவர் பையன் சிறுவனாக இருந்தபோது ஒவ்வொரு பிறந்த நாளுக்கும், "அப்பா, இதையாவது திறக்கலாமா?" என்று கேட்பான். "விலை ஏறட்டும்டா, உனக்குத்தானே" என்பது பதில். பையன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். விலையும் ஏறியிருக்கிறது. "எடுத்துக்கொண்டு போடா" என்று அப்பா போனில் சொன்னால், "என் ஃபிளாட்டில் இடமில்லை அப்பா, வித்துடுங்கோ" என்கிறான். அந்தப் பத்து வயதை எந்த விலைக்குத் திரும்ப வாங்குவது?

விளையாடப்பட்டதன் அடையாளம் குறை அல்ல. 1978-ன் விண்வெளி மனிதனின் ஹெல்மெட்டில் தாடைப் பகுதி மெல்லியது. குழந்தைகள் கழற்றிக் கழற்றி மாட்டியதில் அது சரியாக அந்த இடத்தில் விரிசல் விடும். 2014-ல் லெகோவை வைத்தே ஒரு திரைப்படம் எடுத்தார்கள். அதில் பென்னி என்ற நீல நிற விண்வெளி வீரன் வருகிறான். அவன் ஹெல்மெட்டில் அதே தாடை விரிசல்! திரையில் அதைப் பார்த்ததும் உலகெங்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் தங்கள் பழைய தோழனை அடையாளம் கண்டுகொண்டார்கள். முத்திரைப் பெட்டிக்குள்ளேயே இருந்த வீரனுக்கு அந்த விரிசலும் இல்லை, அந்தத் தோழமையும் இல்லை.

விஞ்ஞானக் கதை சார்ந்த செட்டுகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து. 1978 முதல் ஏறக்குறைய பத்து வருடம் லெகோவின் விண்வெளிக்குச் சினிமாக் கதை கிடையாது, வில்லன் கிடையாது. சிரித்த முகத்தோடு சில மனிதர்கள், ஒரு கலம், நிலவுத் தரை. அவ்வளவுதான். பெட்டியின் பின்புறம் அதே துண்டுகளால் செய்யக்கூடிய வேறு சில வடிவங்களின் படங்கள் இருக்கும். விளக்கம் இருக்காது, நீயே கண்டுபிடி என்பது போல. 1987-ல் 'பிளாக்ட்ரான்' என்ற கறுப்புக் கூட்டம் வந்த பிறகுதான் எதிரி வந்தான். 1999-ல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபோது, பெயரிலேயே போர் இருக்கிறதே என்று கம்பெனிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்ததாம். வியாபாரம் வென்றது. அதில் எனக்குக் குறை இல்லை. அந்தக் கலங்களும் அழகானவை. ஆனால் அவை வேறொருவர் கண்ட கனவு. விளக்கப் புத்தகப்படி ஒரு முறை கட்டிக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டினால், நாம் செய்தது பிட்டர் வேலை. பிட்டர் வேலை நல்ல வேலைதான். டிராயிங்கும் போடத் தெரிந்தவன் அதோடு நிற்கலாமா?

நமக்கும் விஞ்ஞானக் கதை இல்லாமல் இல்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இஞ்சினீயராக இருந்த சுஜாதா, ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். அதில் வரும் ஜீனோ என்ற ரோபோ நாய்க்குட்டியைப் படித்தவர் யாரும் மறக்க மாட்டார்கள். 'வால்-ஈ' என்ற ரோபோவுக்கு 2015-ல் லெகோ செட் வந்தது. அதைக்கூட பிக்சார் ஸ்டூடியோவில் வேலை பார்த்த ஒருவர் முதலில் தம் சொந்தக் கட்டைகளில் செய்துதான் காட்டினார். செட்டில் முதலில் வந்த கழுத்து தலையின் பாரம் தாங்காமல் தொங்கியது. பிறகு கழுத்தை மாற்றி அமைத்தார்கள். சரி, ஜீனோவுக்கு டென்மார்க்கிலிருந்து செட் வருமா? வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஜீனோவுக்கு வேண்டிய துண்டுகள் அனைத்தும் நம் அலமாரியில் ஏற்கெனவே இருக்கின்றன, ஃபால்கன் என்றும் வேறு பெயர்களிலும். முத்திரையை உடைத்தால் ஜீனோ வெளியே வரும். தலை தொங்காமல் கழுத்தைப் பொருத்துவது நம் சாமர்த்தியம்.

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். விலை அநியாயம் என்பார்கள். உண்மை. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. பென்ஷனில் வாழ்பவன் மாதம் ஒரு செட் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. வருடத்துக்கு ஒன்று போதும். பிளாஸ்டிக்தானே, பூமிக்குக் கேடு என்பார்கள். அதுவும் நியாயமே. பழைய பாட்டில் பிளாஸ்டிக்கில் கட்டை செய்யும் முயற்சியை 2023-ல் அந்தக் கம்பெனியே கைவிட்டது. அப்படியானால் ஒரு முறை வார்த்த பிளாஸ்டிக்கை ஐம்பது வருடம், மூன்று தலைமுறை பயன்படுத்துவதுதானே அந்தக் கேட்டுக்கு நாம் செய்யும் பரிகாரம்? திறக்காத பெட்டி ஒரு நாள்கூடப் பயன்படுவதில்லை.

ஆகவே என் யோசனை, நம் வீட்டுப் பெண்மணிகளிடம் பாடம் கேட்பதுதான். கொலுவின் விதிகளைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மை. அதற்கு மேல் பேராசை இல்லை. பாட்டி வைத்திருந்த மரப்பாச்சிக்கும் இந்த வருடம் வாங்கியதற்கும் ஒரே படியில் இடம் உண்டு. ஒவ்வொரு வருடமும் அடுக்கும் விதம் மாறும். பார்க்க வருகிறவர்களுக்காகவே வைப்பது. பூட்டி வைப்பதற்கு அல்ல. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, பிறகு பிரித்து எடுத்து வைத்துவிடுவார்கள். பிரிக்கிறோமே என்று யாரும் அழுவதில்லை. அடுத்த வருடம் உண்டு. மறுவிலை எவ்வளவு என்று எந்த மாமியும் கணக்குப் பார்த்ததில்லை. ஆனாலும் கொலுப் பொம்மைகள் மூன்று, நான்கு தலைமுறை தாண்டி வந்திருக்கின்றன. பேத்திக்குக் கை வழியாக வந்ததால்தான் அவை வந்தன.

நம் சங்க நூலகத்தில் ஒரு ஸ்டீல் பீரோ காலியாக இருக்கிறது. என் செட்டுகளில் ஆறை, திறந்து பிரித்தபடி, அதற்குத் தர நான் தயார். ஸ்டோர்ஸில் செய்வது போல டப்பா டப்பாவாகப் பிரித்தும் தருகிறேன். நிறப்படி பிரிக்கக் கூடாது, வடிவப்படி பிரிக்க வேண்டும். ஒரே நிறக் குவியலில் சிறு துண்டைத் தேடினால் கண் வலிக்கும். ஒரே வடிவக் குவியலில் வேண்டிய நிறம் தானே கண்ணில் படும். அழுக்கானால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது, வெயிலில் காய வைக்கவும் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மட்டும் அருகில் விடக்கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும்.

சனிக்கிழமை மாலை தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் அந்தப் பீரோவைத் திறந்து வைப்போம். பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் கட்டட்டும். ஒரே ஒரு நிபந்தனை: கட்டியதைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழில் சொல்ல வேண்டும். இது எந்தக் கிரகம், இந்தக் கதவு எதற்கு, எரிபொருள் எங்கே, ஆபத்து வந்தால் எப்படித் தப்பிப்பது. வீட்டில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகள், பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தமிழில் சொல்ல வேண்டிய கட்டாயம் எப்போது வருகிறது, சொல்லுங்கள்? தாம் கட்டிய கலத்தைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகள் வார்த்தையைத் தேடிப் பிடிப்பார்கள். கிடைக்காவிட்டால் நம்மைக் கேட்பார்கள். கேட்பதற்கு நாம் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

வரும் நவராத்திரியில் சங்கக் கொலுவின் கீழ்ப்படியை இதற்கு ஒதுக்கித் தரும்படி நிர்வாகிகளையும் மகளிர் அணியினரையும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் செய்த ஜீனோவும் அவர்களே கற்பனை செய்த விண்கலங்களும் அங்கே நிற்கட்டும். பரணில் முத்திரையோடு பெட்டி வைத்திருக்கும் அன்பர்கள் நம் சங்கத்திலும் இரண்டு மூன்று பேர் உண்டு என்று எனக்குத் தெரியும். அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு கத்தரிக்கோலோடு வந்தால் போதும்.